விண்ணரசி கேட்ட குரல்

அக்டோபர் 2, காவல் தூதர்கள் விழா

மழை விட்டபாடில்லை. சிற்றாலயத்தில் சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்துக்கு நேர் மேலே ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம். காலைத் தியானம் முழுக்க அது சொட்டுச் சொட்டென்று தன் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. என்னிடம் துறவுப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நான்கு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! நானும் முறைப்பது போல் முறைத்துவைத்தேன்.

பத்து மணிக்கு எங்கள் சபையின் மாநிலத் தலைவியிடமிருந்து ஃபோன். "நாலு நவதுறவிகளுக்காக அவ்வளவு பெரிய வீடா, ஞானசீலி? பேசாம திருச்சிக்கு மாத்திடலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. டிசம்பர் எட்டாம் தேதிக்குள்ள முடிவு பண்ணணும்." வீட்டை மூடவேண்டாம் என்று இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன், பிறகு தேவசித்தம் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு சமையலறைக்குப் போய், பருப்பு தீய்ந்ததற்காக, நால்வரில் ஒருத்தியான ஸ்டெல்லாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பருப்பு ஒன்றும் அப்படித் தீயவில்லை.

இந்தச் சிறுமலை அடிவாரத்தில் எத்தனை பிள்ளைகளை முதல் வார்த்தைப்பாடு என்னும் துறவு வாக்குறுதிக்குத் தயார் செய்து அனுப்பியிருப்பேன்! திருச்சியில் எனக்கு என்ன வேலை? அலுவலகத்தில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டவேண்டியதுதான்.

ஜெபம்: வழக்கம் போல.

அக்டோபர் 6

காலை வகுப்பில் தன்னளிப்பு பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். "ஒரு வீடு நிக்கணும்னா யாராவது ஒருத்தி தன்னை முழுசாக் கொடுக்கணும். மிச்சம் வச்சுக் கொடுக்கிறது கொடுக்கிறதே இல்ல" என்றேன். ஸ்டெல்லா கொட்டாவியைக் கையால் மறைத்தாள். மற்ற இரண்டு பேரும் ஜன்னலில் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்ணரசி மட்டும் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்திருந்தாள்.

மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை. அம்மா இல்லை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சித்தி வீட்டில் வளர்ந்தவள். வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் "செய்யட்டுமா மதர், வேண்டாமா மதர்" என்று கேட்டே உயிரை எடுப்பாள். இப்போது கேட்பதே இல்லை. நான் நினைப்பதற்கு முன்னாலேயே செய்து முடித்துவிடுகிறாள். பயிற்சி என்றால் இதுதான் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன். பெருமைக்காக வருந்தி ஒரு மனஸ்தாப மந்திரமும் சொன்னேன்.

அக்டோபர் 11

மாலை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு விண்ணரசி என் அறை வாசலில் வந்து நின்றாள். கை இரண்டையும் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு.

"மதர், ஒண்ணு சொல்லணும். சொன்னா ஏசுவீங்களோன்னு பயமாருக்கு."

"பீங்கானை உடைச்சிட்டியா?"

"இல்ல மதர். கோயில்ல ஒரு குரல் கேட்டுச்சு. நேத்தும் கேட்டுச்சு."

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. முன்பு ஒருத்தி பலாமரத்தில் மாதாவைப் பார்த்தேன் என்று ஊரைக் கூட்டினாள். அடுத்த மாதமே மின்வாரியத்துப் பையனோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாதா என்ன செய்வாள் பாவம். ஆகவே விண்ணரசியிடம் சிரிக்காமல், கோபிக்காமல், "என்ன சொல்லுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"பயப்படாத, இந்த வீடு போகாதுன்னு."

வீட்டை மூடப்போகும் விஷயத்தை நான் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. ஃபோன் வந்தபோது இவள் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்தான். ஆனாலும் அந்த மழைச் சத்தத்தில் என்ன கேட்டிருக்கும்?

அக்டோபர் 12

திருப்பலியில் மனம் ஒருநிலைப்பட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

அக்டோபர் 15

குரல் ஒருசந்தி நோன்பு இருக்கச் சொல்கிறதாம். நான்கு நாளாக இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லாமலே.

இங்கேதான் நான் தடுமாறவில்லை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று இருக்கிறது. குரல் ஆண்டவருடையது என்றால் அது அதிகாரத்துக்குக் கீழ்ப்படியும். பிசாசு எதைச் செய்தாலும் கீழ்ப்படிய மட்டும் செய்யாது. விண்ணரசியைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய் நான்கு தோசையைத் தட்டில் போட்டு, "கீழ்ப்படிதலின் பேரால் சொல்றேன், சாப்பிடு" என்றேன்.

முகம் சுளிக்காமல் நான்கையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கொஞ்சம்கூடப் பிடிவாதம் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்தச் சோதனையில் இப்படித் தேறியவள் ஒருத்தியும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஒருசந்தி இருக்க அனுமதி கொடுத்தேன்.

அக்டோபர் 18

பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் சவரிமுத்து வந்தார். முடிந்து வராந்தாவில் காப்பி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வலது காது கேட்காது. குரலைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுகிறேன் பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் குரல் இதுவரைக்கும் உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது சொல்லியிருக்கா சிஸ்டர்?" என்றார்.

"அது என்கிட்ட பேசல ஃபாதர். விண்ணரசிகிட்டதான் பேசுது."

"ம்." காப்பியை ஊதிக் குடித்தார். "உங்க ஜெபம் எப்படி இருக்கு?"

"பராக்குதான் ஜாஸ்தி. மனசு எங்கெங்கேயோ போகுது."

"பராக்கையும் விரட்டாமப் பாருங்க. சில சமயம் அதுலயும் விஷயம் இருக்கும்."

பராக்குக்கு வக்காலத்து வாங்கும் ஆன்ம குருவை இப்போதுதான் பார்க்கிறேன். வயதாகிவிட்டது, பாவம்.

அக்டோபர் 24

தியானம் ஓடவில்லை. பராக்கு: விண்ணரசியின் மணிக்கட்டு. பலிபீடத்துக்குப் பூ வைக்கும்போது சட்டைக்கை நழுவி முழங்கை வரைக்கும் போனது. கையில் சதையே இல்லை. அரை மணி நேரமும் அதே நினைப்பு. விரட்டிவிட்டு ஜெபமாலையை எடுத்தேன்.

நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் நாள்

கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை. காற்று. இறந்துபோன எங்கள் சகோதரிகளின் பெயர்களை இருட்டுக்கு முன்னால் அவசர அவசரமாக வாசித்துவிட்டு வந்தோம்.

வரும் வழியில் விண்ணரசியைத் தனியாக நிறுத்தி, மாநிலத் தலைவி சொன்னபடி வீட்டைப் பார்வையிட வருவாளா என்று குரலிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்கச் சொன்னது தப்பா என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டுப் பொறுப்பு என்னுடையது, தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

இரவு ஜெபத்துக்கு முன் வந்து சொன்னாள்: "இப்ப வர மாட்டாங்களாம் மதர். நீங்க கலங்காம இருக்கணுமாம்."

நவம்பர் 5

தலைவியின் பயணம் தள்ளிப்போய்விட்டது. மழையால் ரயில் ரத்தாம். மழையும் ஆண்டவர் கையில்தானே இருக்கிறது.

நவம்பர் 9

இன்று விண்ணரசி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒருத்தி தன்னை முழுசாக் கொடுத்தா வீடு நிக்கும்னு சொல்லுச்சு மதர். மிச்சம் வைக்காமக் கொடுக்கணுமாம்."

இருபத்தோரு வயதுப் பிள்ளைக்கு இந்த ஞானம் எங்கிருந்து வரும்? பெரிய படிப்பும் இல்லை. எத்தனை நேரம் முழங்காலில் இருந்தேன் என்று தெரியவில்லை. என்னிடம் பேசாத ஆண்டவர் என் பக்கத்து அறையிலாவது பேசுகிறாரே என்று அழுதேன்.

இனிமேல் கஞ்சித் தண்ணீர் மட்டும் போதும் என்று கேட்டாள். டிசம்பர் எட்டு வரைக்கும்தான். அனுமதித்தேன்.

நவம்பர் 10

பராக்கு: அதே மணிக்கட்டு. சோதனைதான்.

நவம்பர் 16

ஃபிலோமியோடு சண்டை. எங்கள் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நானும் அவளும் ஒரே நாளில் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்பதால் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஞானசீலி, அந்தப் பிள்ளைய என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. ஆண்டவர் பண்றார்."

"ஆண்டவருக்கு உடம்பு பத்தி என்னைவிட நல்லாத் தெரியும். அவளுக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு, தெரியுமா உனக்கு? முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. குளியலறைக் குழியில நான்தான் அள்ளிப் போடுறேன்."

"சோதிச்சுப் பாத்துட்டேன் ஃபிலோ. கீழ்ப்படியிறா. நான் சாப்பிடுன்னு சொன்னா அடுத்த நிமிஷம் சாப்பிடுவா."

"அப்ப சொல்லேன்!"

சொல்லலாம்தான். ஆனால் தெரிந்தே தேவகாரியத்துக்குக் குறுக்கே நிற்பதா? அதை ஃபிலோமிக்குப் புரியவைக்க முடியாது. ஊசி போடுகிறவளுக்கு எல்லாமே உடம்புதான். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். சாத்தியதில் கண்ணாடி அதிர்ந்தது.

நவம்பர் 19

விண்ணரசி மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

நவம்பர் 23, கிறிஸ்து அரசர் பெருவிழா

தலைவி ஃபோன் செய்தாள். "வீடு அடுத்த வருஷமும் இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம் ஞானசீலி. ஆலோசனைக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேணாம்னு நானே சொன்னேன்." நான் நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குச் சேமியாப் பாயசம் வைக்கச் சொன்னேன். ஸ்டெல்லா இரண்டு தம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதுக்கு என் முகத்தைப் பார்த்தாள். குடி என்றேன். விண்ணரசி தன் தம்ளரைத் தொடவே இல்லை. எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். உதடு வெடித்திருந்தது.

பெருவிழா அன்று ஒருசந்தி கிடையாது. ஞாயிறன்றும் கிடையாது. இது முதல் நற்கருணை வாங்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். திருச்சபையின் சட்டத்தை மீறச் சொல்லும் குரல் யாருடையது என்று நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். வீடும்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு?

கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா பாட ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 26

"வீடுதான் கிடைச்சிருச்சே, போதும் விண்ணரசி" என்று இன்று சொல்லிவிட்டேன்.

"நிறுத்துனா திரும்பப் போயிரும்னு சொல்லுது மதர்" என்றாள்.

கீழ்ப்படிதலின் பேரால் என்று நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 27

காலையில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்கால் போட்டவள் எழுந்திருக்கவில்லை. ஜெபத்தில் இருக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நான் நெடுநேரம் அப்படித்தான் நினைத்தேன். ஃபிலோமிதான் ஓடிப்போய்த் திருப்பினாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு போனது நான். கனமே இல்லை.

நவம்பர் 28

இதயம் சரியாகத் துடிக்கவில்லை என்கிறார் டாக்டர். ட்ரிப்ஸ் ஏறுகிறது. "அது மட்டும் பத்தாது சிஸ்டர். வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகணும்." மூக்கில் டியூப் வைத்தார்கள். விண்ணரசி பிடுங்கிப் போட்டுவிட்டாள். மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் பிடுங்கினாள். கையைக் கட்டலாமா என்று நர்ஸ் கேட்டாள். இதயம் இருக்கிற நிலைமையில் முரண்டு பிடிக்க வைக்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஃபாதர் சவரிமுத்து வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். விண்ணரசி நெற்றியைக் காட்டினாள், கையை விரித்துக் காட்டினாள். எண்ணெய் பூசும்போது அந்த மணிக்கட்டை அவர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். நடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பராக்கு வருதுன்னு சொன்னீங்களே சிஸ்டர், என்ன பராக்கு?"

சொன்னேன். பிள்ளையின் மணிக்கட்டு என்று.

"எப்பலேருந்து?"

"ஒரு மாசமா."

அவர் என்னை ஏசவில்லை. தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் ஜெபத்தில் எனக்குக் காட்டப்பட்டது. தினமும் நான் ஜெபமாலையை வைத்து அதை விரட்டினேன். ஒன்றுமே பேசாத ஆண்டவர் என்று அவரைப் பற்றி எத்தனை குறைபட்டிருப்பேன்!

நவம்பர் 29

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் விண்ணரசி கண் திறந்தாள். ஃபிலோமி ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தாள். இத்தனை வாரத்தில் நான் கேட்காத கேள்வியை இன்றுதான் கேட்டேன்.

"அந்தக் குரல் எப்படி இருக்கும், பிள்ள?"

இது என்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தாள். "உங்க குரல்தான் மதர்."

"என் குரலா?"

"மொதல்லேருந்தே. நீங்க கோயில்ல தணிச்சுப் பேசுவீங்கல்ல, அந்தக் குரல். ஆண்டவர் நமக்குத் தெரிஞ்ச குரல்லதான பேசுவாரு? எனக்கு அதவிட்டா வேற எந்தக் குரல் தெரியும்?"

ஃபிலோமி திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

நான் விண்ணரசியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது ஆண்டவர் இல்லை, நான்தான் என்றேன். வகுப்பில் நான் சொன்னதும், ஃபோனில் நான் பேசியதும், நான் ஆசைப்பட்டதும்தான் உனக்குள்ளே போய் உனக்கே திரும்பக் கேட்டிருக்கிறது என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"சோதிக்கிறீங்க மதர்."

"சோதிக்கல விண்ணரசி. சத்தியமாச் சொல்றேன்."

"கடைசியா ஒரு பெரிய சோதனை வரும்னு சொல்லுச்சு. அசையக்கூடாதுன்னு சொல்லுச்சு." கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே கூப்பிட்டார். இன்றைக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். நர்ஸ் கிண்ணத்தில் நீர்க்கக் கரைத்த கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஃபிலோமி என் தோளைப் பிடித்தாள். "ஞானசீலி, சாப்பிடச் சொல்லு அவள."

"அழுது சொல்லிட்டேனே ஃபிலோ. கேக்கலையே."

"இப்படி இல்ல. கோயில்ல பேசுற மாதிரி சொல்லு. அந்தக் குரல்ல."

"அப்படிச் சொன்னா அவ அதத்தான் ஆண்டவர்னு நம்புவா. ஆயுசுக்கும் நம்புவா."

"ஆயுசு இருக்கணும்ல?"

கட்டிலில் உட்கார்ந்தேன். கிண்ணத்தை எடுத்தேன். வேறு வழி காட்டச் சொல்லி வேண்டினேன். கொஞ்ச நேரம் காத்தும் இருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அந்த மணிக்கட்டு கிடந்தது, அவ்வளவுதான்.

குரலைத் தணித்தேன். எத்தனை சுலபமாக வந்தது அந்தக் குரல்!

"மகளே, போதும். நீ கொடுத்ததை நான் ஏத்துக்கிட்டேன். இப்ப சாப்பிடு."

விண்ணரசி கண்ணைத் திறந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. ட்ரிப்ஸ் குத்தியிருந்த கையைத் தூக்கி, மற்றக் கையோடு சேர்த்துக் குவித்துக்கொண்டாள். நற்கருணை வாங்குகிறவள் போல வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். கரண்டியை வைத்தேன். விழுங்கினாள்.

"ஆமென்" என்றாள்.

ஃபிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொள்வாள், டாக்டர் இப்போது அப்படித்தான் சொல்கிறார். ஆண்டவரே, நாளைக்கு நீர் நிஜமாகவே இவளிடம் பேச வந்தால் எங்கே வந்து பேசுவீர்? அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேனே.

அடுத்த கரண்டியைக் கொடுத்தேன். கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் ஆமென் சொன்னாள்.